ஒரே சமூக ரெஜிமென்ட்டா, எல்லாரும் கலந்த ரெஜிமென்ட்டா?

இந்திய ராணுவத்துல ரெண்டு விதமும் இருக்கு. சீக் ரெஜிமென்ட், டோக்ரா (ஜம்மு, இமாச்சல் பக்கத்து சமூகம்) ரெஜிமென்ட் மாதிரி குறிப்பிட்ட சமூகத்துல இருந்து மட்டும் ஜவான் எடுக்கறது ஒண்ணு, 1949-ல முதல் இந்திய ராணுவத் தலைமைத் தளபதி கரியப்பா காலத்துல தொடங்கின கார்ட்ஸ் ரெஜிமென்ட் மாதிரி நாடு முழுக்க எல்லா சாதி மதத்துலயும் எடுக்கறது இன்னொண்ணு. ஆபீசர்களுக்கு ரெண்டுலயுமே இந்த வரம்பு கிடையாது.

பழைய முறைக்கு ஆதரவா சொல்றவங்க, ஒரே மொழி ஒரே ஊர் பக்கம்னா சண்டையில ஒருத்தனை ஒருத்தன் விட்டுட்டு ஓடமாட்டான்னு சொல்வாங்க, அதுல உண்மை இருக்கு, நான் மறுக்கல. ஆனா இந்த ஏற்பாடு எங்கருந்து வந்துச்சுன்னு பாக்கணும்ல, 1857-க்கு அப்புறம் வெள்ளைக்காரன் சில சாதிதான் வீர சாதின்னு முத்திரை குத்தி தென்னிந்தியர்களை கொஞ்சம் கொஞ்சமா ஒதுக்கினான், அப்புறம் ரெண்டாம் உலகப்போர்ல ஆள் தேவைப்பட்டதும் மெட்ராஸ் ரெஜிமென்ட்ட திரும்ப ஆரம்பிச்சான். வடஇந்திய தலித் சாதியான சமார் ஆளுங்களுக்காக 1943-ல தொடங்கின சமார் ரெஜிமென்ட்ட 1946-லயே கலைச்சிட்டாங்க. சீக்கியர்லயே மஜபி, ராம்தாசியான்னு சொல்ற தலித் ஆளுங்களுக்கு சீக் லைட் இன்ஃபன்ட்ரின்னு தனி ரெஜிமென்ட், இது எனக்கு ரொம்ப வலிக்குது.

ஆபத்தும் உண்டு. 1984-ல பொற்கோயிலுக்குள்ள ராணுவம் போனதும் ராம்கர்ல (இப்போ ஜார்க்கண்ட்) இருந்த சீக் ரெஜிமென்ட் பயிற்சி மையத்துல சீக்கிய ஜவான்கள் கலகம் பண்ணி பிரிகேடியரையே கொன்னாங்க.

கலந்த முறைதான் சரின்னு நான் உறுதியா நினைக்கிறேன். மெட்ராஸ் ரெஜிமென்ட்லயே தமிழன், மலையாளி, தெலுங்கர், கன்னடர்னு எல்லா சாதி மதமும் சேர்ந்துதான் "வீர மதராசி, அடி கொல்லு"ன்னு கத்துறாங்க, ஒற்றுமை எங்கயும் குறையல. 2022-ல நாலு வருஷத்துக்கு ஜவான் எடுக்கற அக்னிபத் திட்டத்த அறிவிச்சப்போ இனி ஆள் எடுக்கறது ஆல் இந்தியா ஆல் கிளாஸ், அதாவது நாடு முழுக்க எல்லா சமூகத்துலயும்தான்னு சொன்னாங்க, அத முழுசா செஞ்சு காட்டணும்.