கோமர் பைலா, சார்ஜென்ட் பில்கோவா?

அமெரிக்காவின் பழைய ராணுவ நகைச்சுவைத் தொடர்களில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், என் ஓட்டு 'கோமர் பைல், யு.எஸ்.எம்.சி.'க்கு. ஆனால் 'ஃபில் சில்வர்ஸ் ஷோ'வை லேசில் ஒதுக்கிவிட முடியாது.

இரண்டும் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான சிபிஎஸ் ஒளிபரப்பியவை. 1955 முதல் 1959 வரை ஓடிய சில்வர்ஸ் தொடரில், ஃபில் சில்வர்ஸ் நடித்த சார்ஜென்ட் பில்கோதான் கில்லாடி. கான்சாஸ் முகாமின் வாகனப் பிரிவை வைத்துக்கொண்டு சூதாட்டம், குறுக்குவழிப் பணம் என்று திட்டம் போடுவார். முகாமின் தலைமை அதிகாரி கர்னல் ஹால் கண்ணில் மண்ணைத் தூவுவார். வசன வேகத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை.

1964 முதல் 1969 வரை வந்த கோமரில் எல்லாம் தலைகீழ். மேபெரி என்ற கற்பனை ஊரில் பெட்ரோல் பங்க்கில் வேலை பார்த்த வெள்ளந்திப் பையன் கோமர் அமெரிக்க மரைன் படையில் (அதுதான் யு.எஸ்.எம்.சி.) சேர்கிறான். யார் எது சொன்னாலும் அப்படியே நம்புவான். ஜிம் நேபர்ஸ் அவனைக் கேலிப்பொருளாக்காமல் நடித்திருக்கிறார். ஆனால் தொடரைத் தாங்குவது சார்ஜென்ட் கார்ட்டராக வரும் ஃபிராங்க் சட்டன்தான். இரண்டாம் உலகப் போரில் உண்மையிலேயே ராணுவத்தில் இருந்தவர். தொண்டை கிழியக் கத்துகிற அந்த மனிதர் கோமரிடம் கொஞ்சம் கொஞ்சமாக இளகுவதை அவர் முகத்திலேயே பார்க்கலாம். பில்கோவில் இந்த ஈரம் குறைவு.

ஒரு பெரிய குறை: வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த ஆண்டுகள் அவை, தொடர் அதைத் தொடவே இல்லை. அது எனக்கு உறுத்துகிறது.

கோமர் தொடரின் முதல் சீசன் மட்டும் கறுப்பு வெள்ளை. கோமர் முதலில் தோன்றிய 'ஆண்டி கிரிஃபித் ஷோ' தொடரின் நான்காவது சீசன் கடைசி எபிசோடில்தான் கோமர் படையில் சேர்கிறான், அங்கிருந்து தொடங்குங்கள்.