மலைப் பனியில் தாங்கும் கிறிஸ்துமஸ் ஸ்டார்: வீட்டுத் தயாரிப்பின் பல பருவ அனுபவம்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் டிசம்பரில் வாசலில் தொங்கும் ஸ்டாரைக் கெடுப்பது மழையைவிடப் பனிமூட்டம்தான். மழை மேலிருந்து விழுகிறது; கூரைச் சாய்ப்பு அதைத் தடுத்துவிடும். பனிமூட்டம் எல்லாப் பக்கமும் நுழைகிறது. குளிர்ந்த கம்பி, பல்பு முனை, மூட்டு என்று எங்கே பட்டாலும் அங்கே தண்ணீராகிறது. சமவெளியில் வருஷக்கணக்கில் ஓடும் சீரியல் செட் இங்கே அடுத்த டிசம்பரிலேயே பாதி அணைந்து நிற்பதற்குக் காரணம் அதுதான். குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொள்ளும். ஊட்டிப் பக்கம் தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் இந்தப் பருவத்தில் உறைபனி வேறு.

டிசம்பர் முதல் தேதி மாட்டி ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து கழற்றும் 1 மீட்டர் ஸ்டார் ஒன்றைப் பல பருவம் பயன்படுத்திப் பார்த்ததில், எது நின்றது, எது போனது என்பதே இந்தப் பகிர்வு.

சட்டம்

ஒரே நீளமுள்ள 10 குச்சிகள், 22 செ.மீ. நீளத்தில் 5 துண்டுகள். அவ்வளவுதான். ஒவ்வொரு குச்சியும் 1 மீட்டர். இரண்டு முனைகளிலிருந்தும் 38.2 செ.மீ.யில் ஒரு கோடு போடுங்கள், நடுவில் 23.6 செ.மீ. மிஞ்சும். ஐந்து குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னும்போது குறுக்கே வெட்டும் இடங்கள் இந்தக் கோடுகளில் வந்து விழுந்தால், அளவுகோல் வைக்காமலே ஐந்து கைகளும் சமமாக வரும். கண்மதிப்பில் கட்டும் ஸ்டார்கள் ஒரு பக்கம் சப்பையாகத் தெரிவது இந்தக் கோடு போடாததால். இப்படி இரண்டு முகங்கள் செய்து, ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டி, உள்ளே குறுக்கு வெட்டும் ஐந்து இடங்களில் 22 செ.மீ. துண்டுகளை நெம்பிக் கொடுத்தால் ஸ்டார் உப்பிக்கொள்ளும். ஆணி வேண்டாம், குச்சி பிளக்கும்.

குச்சிக்கு மூங்கில் பத்தை வழக்கம். ஆனால் மலையில் காசில்லாமல் கிடைப்பது உண்ணிச்செடி (லாண்டானா), அதுவே இன்னும் நல்லது. கூடலூர் பக்கம் ஆதிவாசிக் கைவினைஞர்கள் இந்தக் குச்சியால் ஆளுயரத்துக்கும் மேலான யானைகளையே செய்கிறார்கள். ஸ்டார் செய்ய அதில் சந்தேகமே வேண்டாம். விரல் பருமனில் நீண்ட கொடிகளாக வெட்டி, தண்ணீரில் கொதிக்க வைத்து, சூட்டோடு தோலை உரித்து, நிமிர்த்தி நிழலில் காயவிட வேண்டும். காய்ந்த பிறகு நிமிர்த்தப் பார்த்தால் ஒடியும். மூங்கில் பத்தையில் ஈரம் ஏறிய இடம் கறுத்துப் பூசணம் பிடிக்கிறது, பூச்சியும் அரிக்கிறது. கொதித்த உண்ணிக் குச்சியில் இரண்டுமே குறைவு. காட்டை அடைத்து வளரும் அந்நியச் செடி என்பதால் வெட்டுவதில் வருத்தமும் இல்லை. வனத்துறை நிலத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். வேலியோரத்தில் கிடைப்பதே போதும்.

கட்டுவதற்கு நைலான் நூல். கட்டுக்கம்பி துருப்பிடித்துத் துணியில் கறை இறக்கும். சணல் நனைந்து காய்ந்து நனைந்து தளர்ந்துவிடும்.

மூடும் துணி

காகிதம் சாரல் பட்ட அன்றே தொங்கிவிடும். பருத்தி நீரைப் பிடித்துவைத்துப் பூசணம் பிடிக்கும். தையல்கடையில் கிடைக்கும் வெள்ளை பாலியஸ்டர் லைனிங் துணி சீக்கிரம் உலர்கிறது, துவைக்கலாம், வெளிச்சத்தையும் நன்றாகப் பரப்புகிறது. சிவப்பு ஸ்டார் வேண்டும் என்றால் வெள்ளைத் துணிக்குள் சிவப்பு எல்இடி போடுங்கள். சிவப்புத் துணிக்குள் வெள்ளை விளக்கு வைத்தால் வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் துணியே விழுங்கிவிடும்.

விளிம்பில் மட்டும் விளக்கு ஓடும் ஸ்டாரா, முகம் முழுக்க ஒளிரும் ஸ்டாரா என்பதில் எங்கள் தீர்ப்பு தெளிவு: மலைக்கு முழு முகம்தான். தெளிந்த இரவில் விளிம்பு ஸ்டார் அழகு. மூட்டம் இறங்கியதும் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து வெறும் வெளிச்சக் கறையாகிவிடுகிறது. மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும் என்பார்கள். பனித்துளிகள் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் சிதறடிக்கின்றன. வார்ம் ஒயிட் எடுக்க வேறு நல்ல காரணம் உண்டு: அந்துப்பூச்சிகள் குறைவாக வரும்.

விளக்கு

எல்இடி ஸ்ட்ரிப் வேண்டாம். வெட்டிய முனையில் சிலிக்கான் உறை திறந்துகொள்ள, அதன் வழியே ஈரம் உள்ளே ஊர்ந்து போகிறது. ஈயம் வைக்காமல் கடிக்கவிடும் கிளிப் கனெக்டர்தான் முதலில் சாகும். இதற்குப் பதில் பெயர்ப்பலகை செய்கிறவர்கள் பயன்படுத்தும் 12 வோல்ட் எல்இடி மாட்யூல் வாங்குங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாக அச்சில் வார்த்து மூடியது, 20 கொண்ட சரமாக வரும், ஒன்று கெட்டால் மற்றவை எரியும், கெட்டதை மட்டும் வெட்டி மாற்றலாம்.

1 மீட்டர் ஸ்டாருக்கு 0.72 வாட் மாட்யூல்கள் 40. கைக்கு 6 வீதம் 30, நடுவில் 10. மையத்திலிருந்து ஒவ்வொரு கைக்குள்ளும் ஒரு மெல்லிய பட்டைக் குச்சி ஓடவிட்டு அதில் ஒட்டி, நூலாலும் கட்டுங்கள். ஒட்டும் டேப் மட்டும் குளிரில் விட்டுவிடும். சுவரோரம் தொங்கும் ஸ்டார் என்றால் மாட்யூல்களைப் பின்பக்கத் துணியைப் பார்க்கத் திருப்பி வையுங்கள். ஒளி பின்துணியில் பட்டுத் திரும்பி வரும்போது புள்ளி புள்ளியாகத் தெரியாது.

மொத்தம் சுமார் 29 வாட், 2.4 ஆம்பியர். வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட் டிசியாக (ஒரே திசை மின்சாரமாக) மாற்றித் தரும் 5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் பாதி பாரத்தில் சூடாகாமல் ஓடும். இரவுக்கு 6 மணி நேரம், 37 நாள் எரிந்தால் எஸ்எம்பிஎஸ் இழப்பையும் சேர்த்து 8 யூனிட்டுக்குள் முடிந்துவிடும்.

வயரில் கஞ்சத்தனம் பிடித்தால் ஸ்டார் மங்கும். வீட்டுக்குள் இருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கேட் வரை 15 மீட்டர் என்றால், போக வர 30 மீட்டர் செம்பு. 1 ஸ்கொயர் (சதுர மி.மீ.) வயரில் 1.3 வோல்ட் வழியிலேயே போய்விடும், 1.5 ஸ்கொயரில் 0.9, 2.5 ஸ்கொயரில் 0.5. ஒரு வோல்ட்தானே என்று நினைக்கக் கூடாது. மாட்யூலுக்குள் மூன்று எல்இடிகளும் சேர்ந்து சுமார் 9 வோல்ட் எடுக்க, மீதி 3 வோல்ட்தான் ரெசிஸ்டரில் விழுகிறது. அதில் 1 வோல்ட் குறைந்தால் மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்கு குறையும். எஸ்எம்பிஎஸ்ஸின் திருகை முறுக்கி வோல்ட்டை ஏற்றி இதைச் சரிக்கட்டுகிறவர்கள் உண்டு. அளவு மீறினால், அதே கணக்கில் மின்னோட்டம் ஏறி மாட்யூல்கள் கூடுதல் சூட்டில் சீக்கிரம் போகும். 1.5 ஸ்கொயர் வயர் போடுங்கள், இரண்டு சரங்களுக்கும் தனித்தனியாக இணைப்பு கொடுங்கள்.

230 வோல்ட் வாசலைத் தாண்டவே கூடாது. இதில் மட்டும் எந்தச் சமரசமும் இல்லை. மலை வீடுகளில் தகரக் கூரை அதிகம். நேரடி மின்சார சீரியல் செட்டின் மெல்லிய வயர் தகர விளிம்பில் அழுந்தி உரிந்தால், நனைந்த கூரை முழுவதும் கரண்ட் பாயும். எஸ்எம்பிஎஸ்ஸை உள்ளே சுவரில் பொருத்தி, எர்த் கொடுத்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள லைனில் மாட்டுங்கள்.

ஈரத்தை வெளியே விடுவது

பல பருவங்களில் தெளிவான விஷயம் இது. வயர் மூட்டுகளை வைத்து முழுக்க அடைத்த பெட்டிதான் முதலில் நனைகிறது. பகல் வெயிலில் பெட்டிக்குள் காற்று விரிந்து வெளியேறும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது, வயர் நுழையும் சந்து வழியே ஈரக் காற்றை உள்ளே இழுக்கும். அது நீராகி அடியில் தேங்கும். வெளியேற வழி இருக்காது. மூட்டு இருக்கும் டப்பாவின் அடியில் 5 மி.மீ. துளை ஒன்று போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. வயரைப் பக்கவாட்டிலோ மேலிருந்தோ நுழைக்காமல், ஒரு வளைவு கீழே தொங்கவிட்டு அடியிலிருந்து ஏற்றுங்கள். வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். ஸ்டார் துணியிலும் கீழ்நோக்கிய இரண்டு முனைகளை 2 செ.மீ. தைக்காமல் விடுங்கள். உறைபனி படிந்த துணி காலை வெயிலில் இளகும்போது அந்தத் தண்ணீர் முழுக்க அங்கேதான் வடியும்.

மூட்டுகளுக்கு ஈயம் வைத்து, உட்புறம் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாய்) போடுங்கள். சிலிக்கான் பூசுவதானால் டியூபில் நியூட்ரல் என்று இருக்க வேண்டும். வினிகர் வாடை அடிக்கும் வகை காயும்போது அமிலம் விட்டுச் செம்பை அரிக்கும். பாதி சரம் மட்டும் எரிந்தால் முதலில் பிளஸ் வயரின் மூட்டைப் பாருங்கள். டிசி ஓடும் ஈர மூட்டில் பிளஸ் பக்கச் செம்புதான் கரைந்து பச்சை பூத்து அறும், மைனஸ் பக்கம் பெரும்பாலும் பளிச்சென்றே இருக்கும்.

மற்றவை

சோலார் சரங்களை மலையில் நம்ப வேண்டாம். நாலு நாள் மூட்டம் சேர்ந்தால் சின்ன பேனலில் சார்ஜ் ஏறாது, அந்தி சாய்ந்த கொஞ்ச நேரத்திலேயே அணைந்துவிடும்.

காட்டுமாடு வரும் தெருவில் முற்றத்தின் குறுக்கே தாழ்வாக வயர் இழுக்கவே கூடாது. கொம்பில் சிக்கினால் வயரோடு விலங்குக்கும் ஆபத்து. சுவரோரமாகவோ 3 மீட்டருக்கு மேலோ கொண்டு போங்கள். குரங்கு தொங்கும் வயரை இழுக்கும், கம்பத்தோடு ஒட்டக் கட்டிய வயரை அவ்வளவாகத் தொடாது. 20 செ.மீ.க்கு ஒரு கட்டு போடுங்கள். இரவு 11 மணிக்கு அணைக்க ஒரு டைமர் பிளக் போதும்.

கழற்றியதும் துணியைப் பிரித்துத் துவைத்து, சட்டத்தையும் சரத்தையும் வெயில் வரும் ஜன்னலோரம் ஒரு வாரம் காயவிடுங்கள். பாலித்தீன் பையில் கட்டி வைத்தால் மிச்ச ஈரம் உள்ளேயே நின்று வேலையைக் காட்டும். எலி கடிக்காமல் இருக்க டிரங்குப் பெட்டி நல்லது. கூடவே மீதி மாட்யூல் நாலைந்தும், ஸ்லீவ் துண்டுகளும், 38.2 செ.மீ. கோடு போட்ட ஒரு உபரிக் குச்சியும் அதிலேயே இருக்கட்டும்.