டர்பனில் பழைய பைக்: பேப்பரை நம்பலாமா, ரிப்போர்ட்டை நம்பலாமா, பேங்க்கைக் கேட்கணுமா?

தென்னாப்பிரிக்க வண்டிப் பேப்பரில், அதாவது பதிவுச் சான்றிதழில், இரண்டு பெயர் அச்சாகியிருக்கும். ஒன்று ஓனர், இன்னொன்று டைட்டில் ஹோல்டர். ரொக்கத்தில் வாங்கிய பைக்கென்றால் இரண்டும் ஒரே ஆள். தவணையில் வாங்கியதென்றால் ஓனர் இடத்தில் ஓட்டுகிறவர் பெயரும், டைட்டில் ஹோல்டர் இடத்தில் பேங்க்கின் பெயரும் இருக்கும். ஓனர் என்றதும் உடைமைக்காரர் என்று நினைத்துவிடுகிறோம். இங்கே ஓனர் என்றால் வண்டியை வைத்துப் புழங்குகிறவர், அவ்வளவுதான். கைமாற்ற ஒப்புதல் தரவேண்டியவர் டைட்டில் ஹோல்டர். டர்பனில் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், மெரேபேங்க் பக்கம் பழைய பைக் வாங்கி மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இரண்டு வரிகளுக்கு நடுவில்தான்.

தவணை முடியும்வரை பைக் பேங்க்கின் சொத்து. தன்னுடையதல்லாத ஒன்றை ஒருவர் விற்றால், வாங்கினவர் எத்தனை நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தாலும் பொருள் அவருடையதாகாது. பேங்க் வந்து பைக்கை எடுத்துப்போகும். கொடுத்த காசுக்கு நீங்கள் விற்றவரைத் துரத்த வேண்டும். அவருடைய போன் அதற்குள் அணைந்திருக்கும்.

பைக்கின் பூர்வோத்தரத்தை விசாரிக்கக் கையில் மூன்று வழிகள் உண்டு. விற்கிறவர் நீட்டும் பேப்பர், காசு கட்டி எடுக்கும் வரலாற்று ரிப்போர்ட், கடனைத் தீர்க்க எவ்வளவு பாக்கி என்று பேங்க் எழுதித் தரும் செட்டில்மெண்ட் லெட்டர். டீலரிடம் போவதை நாலாவது வழி என்று சிலர் சொல்வார்கள். அதைக் கடைசியில் பார்ப்போம்.

செலவில்லாத சோதனை

பேப்பரைக் கையில் வாங்குமுன் பைக்கின் கழுத்தைப் பாருங்கள். ஹேண்டிலை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால், முன் போர்க் கோக்கும் குழாயில் வண்டியின் அடையாள எண்ணான 17 எழுத்து வின் நம்பர் குத்தப்பட்டிருப்பது தெரியும். ஈரத்துணியால் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். சுற்றிலும் பெயின்ட் பழசாக இருந்து அந்த இரண்டு அங்குலம் மட்டும் புதுசாக மின்னினாலோ, விரல் தடவினால் அங்கே மட்டும் பள்ளமாகப் பட்டாலோ, கிரைண்டர் வேலை நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். வின் நம்பரில் ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகள் வராது. வட்டமாக ஒன்று தெரிந்தால் அது பூஜ்யம்தான். விற்பவர் அனுப்பிய மெசேஜில் அது ‘ஓ’ என்றிருந்தால், அந்த நம்பரைக் கொடுத்து எடுக்கும் ரிப்போர்ட் வெறுங்கையோடுதான் திரும்பும். ‘குறை ஒன்றும் இல்லை’ என்பதும் ‘பதிவே கிடைக்கவில்லை’ என்பதும் ஒன்றில்லை.

பிறகு கிராங்க்கேஸில் இருக்கும் எஞ்சின் நம்பர். உணவு டெலிவரிக்கு ஓடித் தேய்ந்த பாக்ஸர் 150, ஹோண்டா ஏஸ் 125 மாதிரி பைக்குகளில் இதை விடவே கூடாது. எஞ்சின் போனால் இன்னொன்றைத் தூக்கி மாட்டிவிட்டு ஓட்டிக்கொண்டே இருப்பார்கள், பேப்பரை மாற்றமாட்டார்கள். நம்பர் ஒத்துவராவிட்டால் போலீஸ் கிளியரன்ஸ், எஞ்சின் வாங்கிய ரசீது என்று அலைய வேண்டும். அந்த அலைச்சல் விற்பவருடையதாக இருக்கட்டும். அவர் முடித்துக்கொண்டு வரும்வரை ஒரு ரேண்ட்கூடக் கைமாறக் கூடாது.

வண்டியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் வில்லையான டிஸ்க்கிலும் வின், எஞ்சின் நம்பர், ரெஜிஸ்டர் நம்பர் (பிளேட் நம்பர் வேறு, இது அரசுப் பதிவேட்டில் வண்டிக்குத் தந்த எண்) மூன்றும் அச்சாகியிருக்கும். அதே விவரம் டிஸ்க்கின் பார்கோடிலும் இருக்கிறது, போனில் ஒரு ஸ்கேனர் ஆப் போட்டால் படித்துவிடும். அச்சில் ஒன்றும் பார்கோடில் வேறொன்றும் வந்தால் டிஸ்க் போலி. பிளேட் நம்பரை மட்டும் வைத்து வரலாறு தேடுவது வீண் வேலை. கௌடெங் மாகாணத்திலிருந்து வந்த பைக் இங்கே பதிவானால் பிளேட் மாறிவிடும். டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்திலேயே 2023 டிசம்பரிலிருந்து பழைய ‘என்.டி.’ போய் ‘இசட்.என்.’ முடிவுள்ள புது வரிசை வந்திருக்கிறது. மாறாமல் கூடவே வருவது ரெஜிஸ்டர் நம்பரும் வின்னும்தான்.

பேப்பர் என்ன சொல்லும், என்ன சொல்லாது

பேப்பரின் பலம் அந்த இரண்டு பெயர். டைட்டில் ஹோல்டர் வரியும், விற்பவரின் அடையாள அட்டையும், நேரில் நிற்கும் முகமும் ஒன்றாக இருந்தால் பாதிக் கவலை விட்டது. அச்சான நாளுக்குப் பிறகு நடந்தது எதுவும் அதில் தெரியாது, அது அதன் பலவீனம். தவணை பாக்கியுள்ள பைக்கின் அசல் சான்றிதழ் டைட்டில் ஹோல்டரான பேங்க்கின் பொறுப்பில் இருக்கும். அதனால்தான் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும்: “அண்ணா, பேங்க்குல எல்லாம் கட்டி முடிச்சாச்சு, பேப்பர் வர்றதுதான் பாக்கி. நீங்க பைக்க எடுத்துட்டுப் போங்க, வந்ததும் நானே கொண்டாந்து தர்றேன்.” உண்மையாகவும் இருக்கலாம். அப்படியென்றால் பேப்பர் வந்தபிறகு பைக்கை எடுப்பதில் அவருக்கு என்ன நஷ்டம்?

வண்டியின் நிலையைச் சொல்லும் குறியீட்டு எண்ணும் (‘கோடு’ என்பார்கள்) பேப்பரில் இருக்கும். 1 புதுசு, 2 பழசு, 3 என்றால் உடைந்து மறுபடி கட்டியது. 3ஏ, 4 என்றால் திரும்ப ரோட்டுக்கு வரவே முடியாது. இன்சூரன்ஸ் கம்பெனி கணக்குத் தீர்த்துக் கழித்துவிட்ட பைக், கோடு 2 ஆகவே அரசுப் பதிவில் தொடர்ந்து, ஏலம் வழியாகச் சந்தைக்குத் திரும்புவது இந்த நாட்டில் பழைய புகார். பேப்பரை மட்டும் பார்க்கிறவருக்கு இது தெரியவே தெரியாது.

ரிப்போர்ட்

இந்த ஓட்டையை ரிப்போர்ட் ஓரளவு அடைக்கும். வின் கொடுத்துக் காசு கட்டினால், எந்த பேங்க்குக்குப் பாத்தியதை இருக்கிறது, திருட்டுப் புகார் உண்டா, விபத்துக் கோரிக்கை பதிவாகியிருக்கிறதா, வின்னும் எஞ்சின் நம்பரும் ஒத்துப்போகிறதா என்று சில நிமிடத்தில் வந்துவிடும். செலவு ஒரு நல்ல ஹெல்மெட் விலைக்குக் கீழேதான். காப்பீட்டாளர் சங்கத்தின் வின் தேடல் தளத்தில், கழித்துவிட்ட வண்டிகளின் பட்டியலைத் தனியாகவும் தட்டிப் பார்க்கலாம். இரண்டையும் செய்யுங்கள், ஒன்றில் விட்டது இன்னொன்றில் சிக்கும்.

ஆனால் ரிப்போர்ட் என்பது யாரோ அனுப்பிய தகவலின் தொகுப்பு. பேங்க் அனுப்பினால் ஏறும், மஷோனிசா என்கிற தெருவட்டிக்காரர் அனுப்பமாட்டார். அவரிடம் பைக்கை அடகு வைத்தது எந்தக் கம்ப்யூட்டரிலும் இருக்காது. மெக்கானிக்கின் பாக்கியும் அப்படித்தான். வேலை செய்த ஒர்க்‌ஷாப்புக்கு, கூலி வரும்வரை வண்டியைத் தன் வசம் நிறுத்திவைக்கும் உரிமை உண்டு. பைக்கைக் காட்ட உங்களை ஒர்க்‌ஷாப்புக்கே வரச் சொன்னால், பணம் கட்டிய ரசீதைக் கேட்டுவிட்டு மேலே பேசுங்கள். நேற்றிரவு திருடுபோன பைக்குக்கு இன்று காலை ரிப்போர்ட் சுத்தமாகத்தான் வரும்.

இந்த விஷயத்தில் ரீயூனியன் தீவில் வாங்குகிறவர் கொடுத்துவைத்தவர். அங்கே பிரெஞ்சுச் சட்டப்படி, அடகோ தடையோ இல்லை என்பதற்கு 15 நாளுக்குள் எடுத்த அரசுச் சான்றை விற்பவரே தரவேண்டும், எடுக்கக் காசும் இல்லை. இங்கே யார் வேண்டுமானாலும் தட்டிப் பார்க்கும்படி அரசு அப்படி ஒன்றைத் திறந்துவைக்கவில்லை. லைசென்சிங் ஆபீஸ் கவுன்டரில் அடுத்தவர் வண்டி விவரம் கேட்டால் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டித் திருப்பி அனுப்புவார்கள். கேட்க வேண்டுமென்றால் விற்பவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

பேங்க்

கடன் பாக்கி விஷயத்தில் கடைசி வார்த்தை பேங்க்குடையது. கடன் வாங்கியவர் கேட்டால் 5 வேலை நாளுக்குள், தீர்க்க வேண்டிய தொகையை எழுதித் தரவேண்டும் என்று 2005-ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டம் சொல்கிறது. அந்தத் தொகை 5 வேலை நாளுக்கு பேங்க்கைக் கட்டுப்படுத்தும். அதற்குப் பிறகு வட்டி ஏறி எண் மாறிவிடும். லெட்டரை வாங்கித் தரவேண்டியவர் விற்பவர். சரிபார்க்க வேண்டியவர் நீங்கள். லெட்டரில் அச்சாகியிருக்கும் போன் நம்பரை விட்டுவிட்டு, பேங்க்கின் பொது நம்பரை நீங்களாகவே தேடி எடுத்து, விற்பவரை அருகில் வைத்துக்கொண்டு ஸ்பீக்கரில் பேசுங்கள். போலி லெட்டர் தயாரிக்கிறவருக்கு ஒரு போன் நம்பரை மாற்றி அச்சடிப்பது பெரிய வேலையில்லை.

பணம் போகும் பாதையை ஒரு கணக்கோடு பார்க்கலாம். பேசிய விலை 28,000 ரேண்ட், லெட்டரில் பாக்கி 19,400. அந்த 19,400-ஐ விற்பவர் கையில் தராமல், கடன் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டு நேராக பேங்க்கில் கட்டுங்கள். மிச்சம் 8,600. கடன் தீர்ந்ததற்கான கடிதம் வரும்போது அதில் ஒரு பகுதி, டைட்டில் ஹோல்டர் பெயர் மாறி அசல் சான்றிதழ் கைக்கு வந்ததும் மீதி என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பாக்கி 31,000 ஆகவும் விலை 28,000 ஆகவும் இருந்தால், குறையும் 3,000-ஐ விற்பவர் முதலில் கட்டிவிட்டு வரட்டும். “பிறகு பார்த்துக்கலாம்” என்றால் நடையைக் கட்டுங்கள்.

பேங்க் வழியின் குறை ஒன்றே. அதற்குத் தன் கடன் மட்டும்தான் தெரியும். பைக் எத்தனை தடவை விழுந்தது, எஞ்சின் யாருடையது என்பதெல்லாம் அதன் கவலை இல்லை.

டீலர், ஏலம்

டீலரிடம் அதே பைக்குக்கு விலை கூடுதல். அந்தக் கூடுதல் காசுக்கு, குறை வந்தால் 6 மாதத்துக்குள் திருப்பித் தரவோ பழுது பார்த்துத் தரவோ கேட்கும் உரிமை நுகர்வோர் சட்டப்படி கிடைக்கும். தனியாரிடம் வாங்கினால் ‘ஃபுட்ஸ்டூட்ஸ்’, இருக்கிறபடியே எடுத்துக்கொள் என்ற பேச்சுத்தான். தெரிந்தே மறைத்தார் என்று நிரூபித்தால் மட்டும் அது செல்லாது. டீலர் கடையிலும் ஒரு கேள்வி உண்டு: பைக் கடையுடையதா, யாரோ விற்றுத்தரச் சொல்லி நிறுத்தியதா? இரண்டாவது என்றால் பேங்க் சோதனை முழுவதையும் மறுபடி செய்யுங்கள். பேங்க் பறிமுதல் செய்து ஏலம் விடுகிற பைக்கில் டைட்டில் சுத்தம், ஏனென்றால் விற்பவரே டைட்டில் ஹோல்டர். ஆனால் ஏலத்தில் அந்த 6 மாதப் பாதுகாப்பு இல்லை.

எங்கே வாங்கினாலும் கைமாறிய நாளிலிருந்து 21 நாள் கணக்கு ஓடத் தொடங்கும். விற்பவர், வண்டி கைமாறியதைத் தெரிவிக்கும் என்.சி.ஓ. படிவம் கொடுக்க வேண்டும். நீங்கள் பதிவுக்கு விண்ணப்பிக்கும் ஆர்.எல்.வி. படிவம், அடையாள அட்டை, முகவரிச் சான்று, ரோட்டில் ஓடத் தகுதி உண்டு என்கிற ரோட்வொர்த்தி சான்று ஆகியவற்றோடு லைசென்சிங் ஆபீசுக்குப் போகவேண்டும். ரோட்வொர்த்தி 60 நாளுக்குத்தான் செல்லும், அதனால் பேங்க் பேப்பர் வரும் சமயம் பார்த்து எடுப்பது நல்லது. என்.சி.ஓ.வை விற்பவர் தனியாகப் போய்க் கொடுப்பார் என்று விடாமல், அவருக்குத் தரவேண்டிய மீதிப் பணத்தைக் கவுன்டர் வாசலில் வைத்தே கொடுங்கள்.