டயர் மாற்றிய பிறகு ஹேண்டில் உதறுகிறதா? கோன் செட்டுக்குப் பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

பெங்களூரில் மோட்டார் சைக்கிளுக்கு டயர் மாற்றப் போகிறவர்கள், குறிப்பாக அதே வண்டியில் ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக ஊருக்குப் போய்வருபவர்கள், எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். ஜே.சி. ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் உள்ள கடையில் முன் டயரை மாற்றினேன். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை. அங்கே பழைய சரக்கைப் புதியது என்று விற்றார்கள். செய்யாத பேலன்சிங்குக்கு, அதாவது சக்கரத்தின் கனம் சுற்றிலும் சமமாக இருக்கும்படி எடை ஒட்டிச் சரிசெய்யும் வேலைக்கு, பணம் வாங்கினார்கள். தங்கள் வேலையால் வந்த கோளாறை என் வண்டியின் கோளாறு என்று சொல்லி, அதைச் சரிசெய்வதாகவும் பணம் வாங்கினார்கள். முதல் இரண்டும் பணத்தோடு போகிறவை. மூன்றாவதோ, வண்டி ஓட்டுபவரையே கீழே தள்ளக்கூடியது.

வண்டி 350 சிசி. அலாய் சக்கரம், ட்யூப்லெஸ் டயர், முன்புற அளவு 100/90-19. பழைய டயர் தேய்ந்து முடியும் வரை முன்பகுதியில் எந்த ஆட்டமும் இருந்ததில்லை. புதிய டயரோடு முதன்முறையாக ஊருக்குக் கிளம்பி அத்திப்பள்ளியைத் தாண்டியதும், வேகம் மணிக்கு 70 கிலோமீட்டரைக் கடந்தபோது ஹேண்டிலில் ஒரு நடுக்கம் தொடங்கி, 75-ஐ எட்டுவதற்குள் பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் லாரி மங்கலாகத் தெரியும் அளவுக்கு உதறலாக வளர்ந்தது. 60-க்கு இறக்கியதும் அடங்கிவிட்டது. நான்குவழி நெடுஞ்சாலையில் இருசக்கர வாகனங்களுக்கான உச்ச வேகமே 80 என்பதால், இதைக் கண்மூடித்தனமாக ஓட்டியவனின் புலம்பல் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். (இப்படி உதறும்போது முன் பிரேக்கை அழுத்திப் பிடிப்பதும் ஹேண்டிலை விறைப்பாகப் பிடித்து அடக்கப் பார்ப்பதும் ஆட்டத்தைப் பெருக்கவே செய்யும், ஆக்சிலரேட்டரை மெதுவாக விட்டு, கையைத் தளர்வாக வைத்து, வண்டியைத் தானாக வேகம் குறைய விடுவதே பாதுகாப்பானது.)

திரும்பி வந்து கடையில் சொன்னபோது, அங்கிருந்தவர் சைடு ஸ்டாண்டில் நின்ற வண்டியின் ஹேண்டிலை இரண்டு முறை இடமும் வலமும் அசைத்துவிட்டு, “டயர்ல ஒண்ணும் இல்ல சார், கோன் செட் போயிருக்கு. இப்படியே ஓட்டினா ஃபோர்க்கும் போயிடும்” என்றார். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கவில்லை, சுழற்றியும் பார்க்கவில்லை. கோன் செட் என்பது ஹேண்டில் திரும்புவதற்காக ஸ்டியரிங் தண்டின் மேலும் கீழும் உள்ள பேரிங்; ஃபோர்க் என்பது முன் சக்கரத்தை இரு பக்கமும் பிடித்திருக்கும் கால்கள். அது தேய்ந்தாலும் உதறல் வரும் என்பது உண்மைதான்; அதனால்தான் அந்தப் பொய் எளிதில் விலைபோகிறது. ஆனால் நேற்று வரை நன்றாக இருந்த கோன் செட், டயர் மாற்றிய அன்றே கெட்டுப்போவதற்குக் காரணம் எதுவும் இல்லை. அதைக் கேட்டதற்கு, “தற்செயல்தான் சார்” என்று பதில் வந்தது. பக்கத்துப் பட்டறையில் மாற்றித் தந்து, கூலியோடு 2,400 ரூபாய் வாங்கினார்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டபோது குப்பைக்குப் போய்விட்டன என்றார்கள்.

அதன் பிறகு 75-இல் வந்த உதறல் அப்படியே இருந்தது. கூடவே புதிய தொல்லை ஒன்றும் சேர்ந்துகொண்டது. நகருக்குள் நெரிசலில் மெதுவாகப் போகும்போது வண்டி நேராகப் போகாமல் குடித்தவன் நடை நடந்தது. ஹேண்டிலைத் திருப்பிவிட்டால் தானாக நடுவுக்கு வரவில்லை.

அல்சூரில் நெடுங்காலமாகப் பட்டறை வைத்திருக்கும் தமிழர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, “தம்பி, கடைசியா எதைக் கழட்டி மாட்டுனாங்க?” என்பதுதான். டயர் என்றதும் வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரம் தொங்கும்படி இன்ஜினுக்கு அடியில் கட்டை வைத்தார். டயரின் பக்கவாட்டில், ரிம்முக்குச் சற்று மேலே, சுற்றிலும் மெல்லிய கோடு ஒன்று இருக்கும். டயரின் விளிம்பு, அதாவது பீட், ரிம்மில் முழுமையாக அமர்ந்திருந்தால் அந்தக் கோடு ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தொலைவில் தெரியும். என் டயரில் ஓர் உள்ளங்கை நீளத்துக்கு அந்தக் கோடு ரிம்முக்குள் பாதி மறைந்திருந்தது. ஃபோர்க்கில் ஒரு ஸ்க்ரூடிரைவரை அணைத்துப் பிடித்து, அதன் முனையை டயருக்கு மிக அருகில் வைத்துச் சக்கரத்தைச் சுழற்றினார். ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் வரும்போது மட்டும் இடைவெளி அகன்றது. பிறகு முனையை ரிம்முக்கு அருகில் கொண்டுபோய்ச் சுழற்றியபோது இடைவெளி மாறவேயில்லை. ஆக ரிம் வளையவில்லை, டயர்தான் சரியாக உட்காரவில்லை.

குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் உதறல் ஏன் வந்தது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. இந்த அளவு டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.08 மீட்டர், 75 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்குச் சுமார் 10 முறை சுற்றும். ஹேண்டிலும் ஃபோர்க்கும் முன் சக்கரமும் சேர்ந்து தம் இயல்பில் உதறக்கூடிய வீதம் பொதுவாக நொடிக்கு 4 முதல் 10 வரை. டயர் சரியாக உட்காராத இடம் சுற்றுக்கு ஒரு முறை தரும் அதிர்வு இந்த வீதத்தோடு ஒத்துப்போகும் வேகத்தில் ஆட்டம் பெருகும். வேகம் மாறினால் அடங்கும். கோன் செட் தளர்ந்திருந்தால் அடையாளமே வேறு: முன் பிரேக் பிடிக்கும்போது ‘டொக்’ என்று தட்டும், சக்கரத்தைத் தூக்கி வைத்து ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் அசைவு கைக்குத் தெரியும். பேரிங் பாதையில் பள்ளம் விழுந்திருந்தால், ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ஓரிடத்தில் சிக்கி நிற்கும். முன்பகுதி அமைதியாக இருக்க, வண்டி முழுவதும் மெதுவாக அலைபாய்ந்தால், பின் டயரின் காற்றையும், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ்ஷையும் பின்னால் ஏற்றிய சுமையையும் பார்க்க வேண்டும்.

பேலன்சிங் கதை இன்னும் கேவலம். அதற்கென 250 ரூபாய் வாங்கி, ரிம்மில் எடைக்கட்டிகள் சிலவற்றை ஒட்டியிருந்தார்கள். அல்சூர் பட்டறைக்காரர் சக்கரத்தைக் கழற்றி அச்சின் மேல் தாங்கலில் வைத்துச் சுழற்றியபோது, ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டிகள் இருந்த பக்கமே கீழே வந்து நின்றது. கனம் கூடிய பக்கத்திலேயே மேலும் கனத்தை ஒட்டியிருக்கிறார்கள். சுழற்றிப் பார்த்த எவரும் அப்படிச் செய்திருக்க முடியாது. டயரில் இருந்த மஞ்சள் புள்ளி அதன் கனம் குறைந்த இடத்தைக் காட்டுவது; அது காற்று வால்வை ஒட்டி வர வேண்டும். எல்லா டயரிலும் இந்தப் புள்ளி இருக்காது, ஆனால் என் டயரில் இருந்தது, அது வால்வுக்கு நேர் எதிரே கிடந்தது.

கோன் செட்டைத் திறந்தபோது உள்ளே இருந்தது என் பழைய கோன் செட்டேதான். கிரீஸ் கறுத்துக் கட்டியாகியிருந்தது. எதையும் மாற்றாமல் மேல் நட்டை மட்டும் அளவுக்கு மீறி இறுக்கியிருந்தார்கள். மெதுவாகப் போகும்போது வண்டி தள்ளாடியதற்குக் காரணம் அதுவே. பேரிங் பாதையில் தேய்மானம் இல்லாததால் அவர் கழுவி, புதிய கிரீஸ் வைத்து, சரியான இறுக்கத்தில் பூட்டினார். டயரின் காற்றை இறக்கி, பீட்டை முழுவதுமாக ரிம்மிலிருந்து விடுவித்து, சோப்புக் கரைசல் தடவி, பக்கவாட்டில் குறித்த அழுத்த வரம்பைத் தாண்டாமல் காற்றடித்தபோது இரண்டு பக்கமும் ‘டப்’பென்று உட்கார்ந்தன. சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது, அச்சை இறுக்கிய பின் ஃபோர்க்கைச் சில முறை அழுத்தி விட்டு, அதன் பிறகே அடியில் அச்சைக் கவ்விப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட்டை இறுக்கினார். இந்த வரிசை மாறினால் ஃபோர்க் கால்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும் என்றார். அதே சாலையில் 80 வரை ஓட்டிப் பார்த்தேன், உதறல் இல்லை.

டயரின் வயதையும் அவர்தான் காட்டினார். பக்கவாட்டில் DOT என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. என்னுடையதில் 1120, அதாவது 2020-ஆம் ஆண்டின் 11-ஆவது வாரம். “போன மாசம் வந்த லோடு” என்று சொல்லி விற்ற டயர் அது. டயரை மாட்டுவதற்கு முன்பே அந்த இலக்கங்களையும், சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறியையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பேலன்சிங் செய்யும்போது அருகில் நில்லுங்கள். எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதைக் கையில் வாங்குங்கள். ஒவ்வொரு வேலையும் தனி வரியாக எழுதப்பட்ட பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

அல்சூர் பட்டறையில் எடுத்த படங்களோடு கடைக்குப் போனபோது, முதலில் “வேற யாரோ கழட்டியிருக்காங்க, நாங்க பொறுப்பில்ல” என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிந்து, கோன் செட் என்று தனியாக எழுதப்பட்டிருந்த அவர்களுடைய பில்லையும் இணைத்த பிறகு, அந்த 2,400 ரூபாய் மட்டும் திரும்ப வந்தது. டயரை மாற்றித் தரவும் பேலன்சிங் பணத்தைத் திருப்பவும் மறுக்கிறார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. மனுவைத் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். இதே பகுதியில் இப்படி ஏமாந்தவர்களிடம் பில் இருந்தால், அதன் படத்தோடு தெரிவியுங்கள்.