மூங்கில் வில்லா, சக்கர வில்லா? மழை மலையிலிருந்து ஓர் ஒப்பீடு

நீலகிரியின் கூடலூரிலிருந்து தேவாலா, பந்தலூர் வழியாகச் சேரம்பாடியைத் தாண்டினால் கேரளத்தின் வயநாடு தொடங்கிவிடுகிறது. இந்த மலைகளில் வில் புதிய பொருள் அன்று. இங்குள்ள பழங்குடியினரான முள்ளுக்குறும்பர் வில் வேட்டைக்குப் பெயர் பெற்றவர்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், 1802-இல் பனமரம் கோட்டையிலிருந்த கம்பெனிப் படையைத் தாக்கி வீழ்த்தியவர்களில் பழசி ராஜாவின் தளபதி தலைக்கல் சந்துவின் பின்னால் நின்ற குறிச்சியப் பழங்குடி வில்லாளிகள் முக்கியமானவர்கள். இன்று 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம் என்பதால், நாங்கள் எய்வது வைக்கோல் திணித்த சாக்கின் மேல்தான். ஆயினும் எந்த வில்லை வாங்குவது என்று இளைஞர்கள் கேட்கும்போது, அவர்கள் கைப்பேசியில் பார்த்துவிட்டு வருவது, வில் வேட்டைக்கு அனுமதியுள்ள அமெரிக்காவின் கருவிகளைத்தான். ஆகவே அந்தக் கருவிகளை இந்த மலையில் வைத்து எடைபோட வேண்டியிருக்கிறது.

காம்பவுண்ட் எனப்படும் சக்கர வில்லுக்கு மிசௌரியைச் சேர்ந்த ஹோலஸ் வில்பர் ஆலன் 1969-இல் காப்புரிமை பெற்றார். அதன் சூட்சுமம், இரு முனைகளிலும் உள்ள மையம் விலகிய சக்கரங்களில் இருக்கிறது. இழுப்பின் நடுவில் 60 பவுண்டு கனக்கும் வில், முழு இழுப்பில் 80 விழுக்காடு சுமையைச் சக்கரங்களிடம் விட்டுவிடுவதால், விரலில் நிற்பது 12 பவுண்டுதான், நிதானமாகக் குறிபார்க்கலாம். சக்கரமில்லாத 45 பவுண்டு மூங்கில் அல்லது மர வில்லிலோ முழு இழுப்பில் அந்த 45 பவுண்டும் விரல்களிலேயே நிற்பதால், இரண்டு மூன்று நொடிக்குள் விட்டாக வேண்டும்.

இரண்டாவது வேறுபாடு வேகம். சக்கர வில்லுக்காக வாதாடுபவர்களின் வலுவான சான்றும் இதுவே. மர வில்லின் அம்பு நொடிக்கு 175 அடியும், சக்கர வில்லின் அம்பு 300 அடியும் செல்வதாகக் கொள்வோம். காற்றுத் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், 30 மீட்டர் போவதற்குள் முதல் அம்பு ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகமாகவும், இரண்டாவது அரை மீட்டருக்குச் சற்று அதிகமாகவும் கீழே இறங்கியிருக்கும். 33 மீட்டரில் நிற்கும் இலக்கை 30 என்று தவறாக எடைபோட்டு எய்தால், மர வில் ஏறக்குறைய 17 சென்டிமீட்டர் தாழ்வாக அடிக்கும்; சக்கர வில்லில் அந்தத் தவறு 6 சென்டிமீட்டரோடு முடிந்துவிடும். வேட்டையில் இது நெஞ்சுக்கும் காலுக்கும் உள்ள வித்தியாசம், அதாவது உடனே விழுவதற்கும் காயத்தோடு ஓடி மறைவதற்கும் உள்ள வித்தியாசம் என்பதால், எளிய வில்லை நேசிப்பவர்கள் இதைச் சிரித்துக் கடந்துவிடக் கூடாது. விளம்பரத்தில் போடும் வேகத்தை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம்: அது 70 பவுண்டு வில்லில், 30 அங்குல இழுப்பில், 350 கிரெய்ன் (சுமார் 23 கிராம்) எடையுள்ள இலேசான அம்பை வைத்து அளந்தது. இழுப்பு ஓர் அங்குலம் குறைந்தால் வேகம் சுமார் 10 அடி குறையும். என் இழுப்பு 27 அங்குலம். மீதியை நீங்களே கழித்துக்கொள்ளலாம்.

இனி நம்பகத்தன்மை. மூன்றாண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதப் பிற்பகலில், என் சித்தப்பா மகன் என் சக்கர வில்லை இழுத்தபோது, விரலுக்குப் பதிலாக நாணைப் பிடித்து விடுவிக்கும் ரிலீஸ் கருவியை நாணில் கொக்கி மாட்டுவதற்காகக் கட்டியிருந்த சிறு கயிற்று வளையம் அறுந்துவிட்டது. அம்பு நாணைவிட்டு நழுவிவிட, வெறும் நாண் பாய்ந்து, சக்கரத்தின் பள்ளத்திலிருந்து வெளியே தெறித்தது. வெடி வெடித்தது போன்ற அந்தச் சத்தத்தில் பக்கத்துத் தேயிலைக் காட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கால் சாண் கயிற்றில் தொடங்கிய பழுதுக்காக, வில்லின் கைகளை அழுத்திப் பிடித்து நாணைத் தளர்த்தும் பிரஸ் கருவியைத் தேடி நான் கோயம்புத்தூர் வரை மலையிறங்க வேண்டியிருந்தது. அது இல்லாமல் அந்த வகை வில்லின் நாணைத் தொடவே முடியாது. அதே பிற்பகலில் மர வில்லின் நாண் அறுந்திருந்தால், சட்டைப் பையில் கிடக்கும் மாற்று நாணை எடுத்து ஒரு நிமிடத்தில் ஏற்றியிருப்பேன்.

இதை வைத்து மூங்கில் வில்லே நம்பகமானது என்று தீர்ப்பெழுதினால், அதுவும் அவசரம்தான். தேவாலாவின் மழையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆனியிலிருந்து ஆவணி வரை இங்கே அரிசியே நமுத்துப்போகும். ஈரம் ஏறிய மூங்கில் தன் விறைப்பை இழக்கிறது. நாணேற்றியபடியே விட்டுவைத்தால் வளைவு படிந்து, எய்யும் விசை நிரந்தரமாகக் குறைந்துவிடுகிறது. பந்தலூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு முள்ளுக்குறும்பப் பெரியவர், தம் பழைய வில்லை நாண் கழற்றி, அடுப்புப் புகை படும் பரணில் செருகி வைத்திருக்கிறார். எளிமை என்பது பராமரிப்பு வேண்டாத நிலை அல்ல; பராமரிப்பு நம் கைக்கும் அடுப்படிக்கும் எட்டுகிற நிலை என்பது அவர் வீட்டில்தான் எனக்கு விளங்கியது.

ஆகவே இந்த ஊரில் தொடங்குபவருக்கு நான் சொல்வது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வில்: மர உள்ளீட்டின் இரு பக்கமும் கண்ணாடி இழைப் பட்டை ஒட்டிய, மூன்று துண்டாகக் கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய ரிகர்வ், அதாவது முனைகள் எதிர்ப்புறமாக வளைந்த வில். மழை அதை எளிதில் அசைக்காது. பழைய மாடலாக இருந்தால், சற்று இழுபடும் டாக்ரான் (பாலியஸ்டர்) நாணே போதும். முனைகள் வலுப்படுத்தப்படாத வில்லில் இழுபடாத புதிய வகை நாணைப் பூட்டினால் முனை பிளந்துவிடக்கூடும்.

மற்ற உபகரணங்களில் ஒளிரும் அம்புக் கவட்டை (அம்பின் வாலில் நாண் பொருந்தும் பிளவு) வெறும் அலங்காரம். நன்றாக இருக்கிறது, அவ்வளவே. இலக்கில் பட்டதும் விரியும் கத்தி முனை, விரிவதற்கே விசையைச் செலவழிப்பதால், இலேசான வில்லுக்குப் பொருந்தாது. வேட்டை நடக்கும் நாடுகளிலும் குறைந்த பவுண்டு வில் வைத்திருப்பவர்களுக்கு அசையாத நிலைமுனையே ஏற்றது. தூரம் காட்டும் ரேஞ்ச்ஃபைண்டரை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஆனால் எய்யும்போது அதைப் பயன்படுத்துவதில்லை. தோட்டத்துப் பாதையில் நடக்கும்போது ஒரு சில்வர் ஓக் மரத்தைப் பார்த்துத் தூரத்தை முதலில் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, பிறகு கருவியில் சரிபார்க்கிறேன். முதல் மாதம் ஐந்தாறு மீட்டர் தவறிய கண், இப்போது பெரும்பாலும் இரண்டு மீட்டருக்குள் நிற்கிறது. மேலே சொன்ன 17 சென்டிமீட்டரைக் குறைக்க எனக்குத் தெரிந்த மலிவான வழி இது.

சக்கர வில்லை நான் விற்றுவிடவில்லை. அதற்கான போட்டிகள் 50 மீட்டரில் நடக்கின்றன, 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் கலப்பு இரட்டையர் பிரிவில் அது முதன்முறையாக இடம்பெறுகிறது. மழை முடியும் வரை அது ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு பெட்டிக்குள் கிடக்கும். தை பிறந்ததும் எடுத்து, முதல் வேலையாக அந்தக் கயிற்று வளையத்தை மாற்றிக் கட்ட வேண்டும்.