பயனர் எண் விதியா, தனி நேம்ஸ்பேஸா: ப்ராசஸ் போக்குவரத்தைப் பிரிக்கும் வழிகள்

லினக்ஸ் சர்வரில் ஒரே ஒரு சேவையின் போக்குவரத்தை மட்டும் தனிப் பாதையில், பெரும்பாலும் ஒரு விபிஎன் (மறையாக்கிய தனிச் சுரங்கம்) வழியாக, அனுப்ப வேண்டியிருக்கும்போது பலரும் முதலில் நாடுவது, அந்தச் சேவை இயங்கும் பயனர் எண்ணைக் கொண்டு எழுதும் ரூட்டிங் விதியைத்தான். கெர்னல் 4.10 முதல் இவ்வசதி உள்ளது; இரண்டு வரிகளில் வேலை முடிந்துவிடும். ஆனால் விபிஎன்னின் சுரங்க இடைமுகம் விழுந்தால் அதைச் சார்ந்த வழித்தடங்களும் அந்த விதி சுட்டும் ரூட்டிங் அட்டவணையிலிருந்து நீங்கிவிடுவதால், தேடல் முதன்மை அட்டவணைக்குச் சென்று, பாக்கெட்டுகள் பொது முகவரியிலேயே வெளியேறிவிடுகின்றன. எந்தப் பிழைச்செய்தியும் வராது. இவ்வழியைத் தேர்பவர்கள் அதே அட்டவணையில் உயர்ந்த மெட்ரிக்குடன் (அதாவது குறைந்த முன்னுரிமையுடன்) ஒரு தடுப்பு வழித்தடத்தையும் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

நெட்வொர்க் நேம்ஸ்பேஸ், அதாவது கெர்னல் தரும் தனித்த நெட்வொர்க் சூழல், இதற்கு நேர்மாறானது. புதிதாக உருவாக்கியதும் அதில் லூப்பேக் (தன்னுடனேயே பேசும் இடைமுகம்) மட்டுமே இருக்கும், அதுவும் அணைந்த நிலையில். நாம் கொடுக்காத பாதை எதுவும் உள்ளே இல்லை என்பதால், ஏதேனும் பழுதானால் தொடர்பு அறுமே தவிர, வேறு வழியாகக் கசியாது. என் தேர்வு நேம்ஸ்பேஸ் பக்கம் சாய்வதற்கு இந்த ஒரு குணமே போதும்.

அதற்குள் எந்த இடைமுகத்தை வைப்பது என்பது அடுத்த கேள்வி. வீத் இணை (ஒரு முனையில் நுழைவது மறுமுனையில் வெளிவரும் மெய்நிகர் இடைமுக இணை) எங்கும் வேலை செய்யும். ஆனால் வெளியுலகை அடைய ஃபார்வர்டிங்கும், பெரும்பாலும் நாட் (முகவரி மாற்றும்) விதிகளும் தேவை. மேக்விலான் எனும் மெய்நிகர் இடைமுகம் தனி மேக் (வன்பொருள்) முகவரியோடு நேரே நெட்வொர்க்கில் அமர்வதால் நாட் வேண்டாம் என்றாலும், அது சார்ந்திருக்கும் மூல இடைமுகத்தின் வழியே ஹோஸ்டும் அதுவும் பேசிக்கொள்ள இயலாது. அறியாத மேக் முகவரிகளை ஏற்காத வைஃபையிலும் பல கிளவுட் சூழல்களிலும் அது பயன்படாது. அங்கே மூல இடைமுகத்தின் மேக் முகவரியையே பகிரும் ஐபிவிலான் பொருந்தும். ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் 2018இல் வெளியான 12.0 முதல் விநெட் ஜெயிலும் (தனி நெட்வொர்க் கொண்ட அடைப்பு) ஈபேர் எனும் இடைமுக இணையும் இயல்பாகவே கிடைக்கின்றன. கட்டமைப்பு வீத் முறையை ஒத்தது.

விபிஎன்தான் நோக்கம் என்றால் வயர்கார்ட் என்ற விபிஎன் இவை அனைத்தையும் மிஞ்சுகிறது. அதன் இடைமுகத்தை ஹோஸ்டில் உருவாக்கி நேம்ஸ்பேஸுக்குள் நகர்த்தினாலும், மறையாக்கிய பாக்கெட்டுகளைச் சுமக்கும் யுடிபி சாக்கெட் பிறந்த இடத்திலேயே தங்கிவிடும். எனவே பாலமோ நாட்டோ இல்லாமல், உள்ளிருக்கும் ப்ராசஸுக்கு அந்தச் சுரங்கம் ஒன்றே வாசலாகிறது. நகர்த்தும்போது முகவரிகள் அழிந்துவிடுவதால், முகவரியையும் வழித்தடத்தையும் நகர்த்திய பிறகே இட வேண்டும்.

டிஎன்எஸ்ஸை, அதாவது பெயர்த்தேடலை, தனியே கவனிக்க வேண்டும். ஐபி கட்டளை மூலம் ப்ராசஸை உள்ளே இயக்கினால், நேம்ஸ்பேஸின் பெயரில் நாம் வைத்த, டிஎன்எஸ் சர்வர்களைக் குறிக்கும் ரிசால்வ் கோப்பை அதுவே பொருத்திவிடும். சிஸ்டம்டி சேவைக் கோப்பில் நேம்ஸ்பேஸ் பாதையைக் குறிப்பிட்டால் அது நடக்காது, அந்தக் கோப்பை நாமே பைண்ட் செய்து பொருத்த வேண்டும். அதன் பிறகும் ஒரு ஓட்டை எஞ்சலாம். கோப்புப் பாதையில் அமைந்த யூனிக்ஸ் சாக்கெட்டுகளை (ஒரே கணினியின் ப்ராசஸ்கள் பேசிக்கொள்ளும் வாயில்கள்) நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் தடுப்பதில்லை என்பதால், ஹோஸ்டின் பெயர்த்தேடல் சேவை அத்தகைய சாக்கெட்டில் கேட்டுக்கொண்டிருந்தால் உள்ளிருந்து எழும் தேடல்கள் ஹோஸ்டின் பாதையிலேயே வெளியேறக்கூடும். அந்தச் சாக்கெட்டின் அடைவை நேம்ஸ்பேஸுக்குள் இயங்கும் சேவையின் கண்ணிலிருந்து மறைத்த பின்னரே கட்டமைப்பைப் பயன்பாட்டுக்கு விட வேண்டும்.