நூலகக் கொடைக்கல்: மதுரைப் பட்டறைகளில் கிடைப்பதில் எது நிற்கும், எது மங்கும்

ஊர் நூலகத்துக்கு நிலமோ கட்டடமோ கொடுக்கிறவர்கள், அதைச் சொல்லிச் சுவரில் பதிக்கும் கல்லைப் பற்றி யோசிப்பது கடைசி வாரத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா என்றால் புதன்கிழமை பட்டறைக்குப் போய் அழைப்பிதழை நீட்டி, "இதை அப்படியே கல்லுல இறக்கிக் குடுங்க" என்பார்கள். பட்டறைக்காரரும் இறக்கிக் கொடுப்பார். பத்து வருஷம் கழித்து அந்தக் கல்லைப் பார்த்தால் யார் தலைமை தாங்கினார், யார் முன்னிலை வகித்தார் என்பது மட்டும் அரைகுறையாகத் தெரியும். நிலம் யாருடையது, எவ்வளவு, எந்த நிபந்தனையில் கொடுத்தார் என்பது இருக்காது.

மதுரையிலும் மேலூர், திருமங்கலம் பக்கமும் கிடைக்கும் கல், எழுத்து வகைகளை நூலகச் சுவர் என்ற ஒரே கணக்கில் இங்கே எடை போட்டிருக்கிறோம். தீர்ப்பு முதலிலேயே: 20 மி.மீ. கனமுள்ள கறுப்புக் கிரானைட், மணல் அடித்து 2 மி.மீ. ஆழம் எடுத்த எழுத்து, வெள்ளை எனாமல் பெயின்ட். கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் கையுளி எழுத்து. லேசர் கல் வெயில், மழை படாத உள்சுவருக்கு மட்டும். பளிங்கு வேண்டாம், பித்தளை வேண்டவே வேண்டாம்.

கறுப்புக் கல் ஜெயிப்பதற்குக் காரணம் அதன் அழகு இல்லை. மெருகேற்றிய மேற்பரப்பு கறுப்பாக இருக்கும். வெட்டிய இடம் சாம்பல் வெளுப்பாகத் தெரியும். எனாமல் முழுக்க உதிர்ந்தாலும் எழுத்தைப் படித்துவிடலாம். 3 அடிக்கு 2 அடி, 20 மி.மீ. கல் ஏறத்தாழ 33 கிலோ வரும். இரண்டு பேர் பிடித்தால்தான் தூக்க முடியும். காசு குறைக்க 12 மி.மீ. டைல் கனத்தில் தரட்டுமா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். மூலையில் ஓட்டை போடும்போதே அது விரிசல் விடும்.

மேலூர் வட்டாரக் குவாரிகளில் வெட்டி, 'காஷ்மீர் ஒயிட்' என்ற பெயரில் கப்பலேறிய வெள்ளைக் கல்லை உள்ளூர்ப் பெருமைக்காகச் சிலர் கேட்கிறார்கள். (காஷ்மீருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.) தரைக்கு அருமையான கல்தான். எழுத்துக்கு ஆகாது. அதில் செம்பழுப்பு நிறத்தில் கார்னெட் மணிகள் சிதறிக் கிடக்கும். தமிழில் ஒரு புள்ளி இருந்தால் 'க்', இல்லாவிட்டால் 'க'. கல்லிலேயே புள்ளி இருந்தால் எது எழுத்தின் புள்ளி, எது கல்லின் புள்ளி?

வெள்ளைப் பளிங்கு பிரிட்டிஷ் காலத்துக் கட்டடங்களின் பழக்கம். எழுத்தை வெட்டி, ஈயத்தைத் தட்டி இறக்கி, சமமாக இழைப்பார்கள். ஈயத்தைக் குச்சியால் நோண்டி எடுத்துவிடலாம் என்பது ஒரு தொல்லை. பெரிய தொல்லை கழுவுவது. தரை கழுவும் ஆசிட் ஒரு தடவை தெறித்தாலே பளிங்கின் மெருகு போய்விடும், ஏனென்றால் பளிங்கு சுண்ணாம்பு வகைக் கல். சரஸ்வதி பூஜைக்குப் பூசும் மஞ்சளும் குங்குமமும் அதன் நுண்துளைகளில் இறங்கிக் கறையாகத் தங்கும். பித்தளைத் தகடு முதல் நாள் மட்டும் தகதகக்கும். பிறகு பாலிஷ் போட்டுத் தேய்க்கத் தேய்க்க எழுத்தும் தேயும். எடைக்கு விலை போகும் பொருள் என்பதால் ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமலும் போகும்.

இனி எழுத்து. மணல் அடிக்கும் முறையில், பசையுள்ள ரப்பர் ஷீட்டைக் கல்லில் ஒட்டி, பிளாட்டரில் (கணினி சொல்வதை ஷீட்டில் வெட்டும் இயந்திரம்) வெட்டிய எழுத்துப் பகுதியை மட்டும் உரித்தெடுத்து, அழுத்தக் காற்றோடு மணலை அடிப்பார்கள். மூடாத இடம் குழியாகும். தமிழுக்கு இதில் இரண்டு ஆபத்து. 'ண', 'ழி', 'ணை' போன்றவற்றின் சுழிக்குள் தீவு மாதிரி நிற்கும் சின்ன ரப்பர் துண்டுகள் காற்றின் வேகத்தில் பிய்ந்து போகும். சுழி முழுக்கக் குழியாகி, எழுத்து ஒரு பொத்தல் போல ஆகிவிடும். இன்னொன்று, மெய்யெழுத்தின் புள்ளியை உரிக்க மறந்துவிடுவது. அப்புறம் 'நூலகம்' என்பது 'நூலகம' ஆகும். பழைய கல்வெட்டுகளில் புள்ளி இடாமலே எழுதினார்கள் என்று சமாதானம் சொல்லலாம். வாங்குகிறவர் ஏன் ஏற்க வேண்டும்? எழுத்தின் உடல் உயரம் 20 மி.மீ.க்குக் குறையாமலும், கோட்டின் தடிமன் 2.5 மி.மீ.க்குக் குறையாமலும் பார்த்துக்கொண்டால் இரண்டு ஆபத்தும் பெருமளவு தீரும்.

கணக்கைப் பாருங்கள். 2 அடி உயரத்தில் மேலும் கீழும் 50 மி.மீ. விளிம்பு விட்டால் 510 மி.மீ. மிஞ்சும். 20 மி.மீ. எழுத்துக்கு மேலே கொம்பும் கீழே உகரச் சுழியும் இடிக்காமல் இருக்க வரிக்கு 40 மி.மீ. வேண்டும். ஆக 12 வரி. வரிக்கு ஏறத்தாழ 30 எழுத்து. மொத்தம் 360 எழுத்துதான் உங்கள் கையிருப்பு. அழைப்பிதழில் இருப்பது எப்படியும் இதைத் தாண்டும். அத்தனையையும் திணிக்கச் சொன்னால் எழுத்தை 12 மி.மீ.க்குச் சுருக்குவார்கள்; சுழிகள் அங்கேதான் சாகும்.

தட்டச்சு தனிக் கொடுமை. வாட்ஸ்அப்பில் யூனிகோடில் அனுப்பிய வாசகம் பட்டறையின் பழைய கோரல்டிரா வரைகலை மென்பொருளில் சரியாக உட்காராது. 'கொ' உடைந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நிற்கும். அதனால் யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் கையால் திரும்ப அடிப்பார்கள். பிழை நுழைவது அந்த இடத்தில்தான்: காலுக்குப் பதில் 'ர', 'ன'வுக்குப் பதில் 'ண', பெயரின் முதலெழுத்து இடம் மாறுவது. கணினித் திரையில் பார்த்துச் சரி என்று சொல்லாதீர்கள். ஷீட் வெட்டிக் கல்லில் ஒட்டிய பிறகு, மணல் அடிக்குமுன், நேரில் போய் வரிவரியாக விரல் வைத்துப் படியுங்கள். அதுவரை திருத்தச் செலவு ஒரு ஷீட். அதற்குப் பிறகு ஒரு கல்.

தேதியிலும் வழுக்கும். திருவள்ளுவர் ஆண்டு என்றால் ஆங்கில ஆண்டோடு 31 கூட்டிப் போட்டுவிடுகிறார்கள். அது தை முதல் நாளிலிருந்துதான் சரி. ஜனவரி முதல் வாரத் திறப்பு விழா என்றால் 30தான் கூட்ட வேண்டும்.

நிறம் பற்றி ஒரு வரி: தங்க நிறப் பெயின்ட் பெரும்பாலும் வெண்கலப் பொடி, காற்றுப் பட்டு ஒன்றிரண்டு மழைக்காலத்தில் பழுப்பும் பச்சையுமாகும். லேசர் எழுத்துக்கு ஆழமே கிடையாது, மெருகைச் சுரண்டியதுதான். நடந்து போகிறவர்களின் எண்ணெய்க் கை பட்டால் மங்கும். கையுளி வேலை V வடிவக் குழி என்பதால் நிழலே எழுத்தைக் காட்டும், பெயின்ட்டே வேண்டாம். எழுத்துக் கணக்கில் கூலி கேட்பார்கள். அதனாலேயே வாசகம் சுருங்கும் என்பது எங்கள் கண்ணில் அதன் இரண்டாவது நன்மை.

அந்த 360 எழுத்தில் எதைப் போடுவது? இந்த ஊரின் நூலகப் பெயர்களையே எடுத்துக்கொள்வோம். ரயில் நிலையத்துக்கு அருகே மேலவெளி வீதியில் இருப்பது விக்டோரியா எட்வர்டு மன்றம். பெயரில் இரண்டு முடிமன்னர்கள்; ஊரார் வாயிலோ அது ரீகல் தியேட்டர், பகலில் படிப்பும் மாலையில் ஆங்கிலப் படமுமாக இருந்த கட்டடம். 1901-ல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்துக்குப் பாண்டியன் புத்தகசாலை என்று பெயர். தேவர் தன் பெயரை வைக்கவில்லை. 1881-ல் பசுமலையில் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரியின் நூலகம், 1855-லேயே இறந்துபோன டேனியல் பூர் பாதிரியாரின் நினைவில் நிற்கிறது. பெயர் யாருடையது, பணம் யாருடையது என்பவை இரண்டு வேறு செய்திகள் என்று இவை காட்டுகின்றன. கல் இரண்டையும் சொல்ல வேண்டும். சென்னை கன்னிமாரா நூலகத்தில் அடிக்கல் 1890-ல், திறப்பு 1896-ல். பெயருக்குரிய ஆளுநர் 1890-லேயே பதவியை விட்டுப் போய்விட்டார். அடிக்கல் தேதியையும் திறப்புத் தேதியையும் தனித்தனியாகப் போடச் சொல்வது இதனால்தான்.

நூலகக் கொடை என்றால் உலகம் சொல்லும் பெயர் அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி. 1883-ல் ஸ்காட்லாந்தில் அவர் பிறந்த டன்ஃபர்ம்லினில் தொடங்கி 2,509 நூலகக் கட்டடங்களுக்கு அவர் பணம் கொடுத்தார். முதல் கட்டடத்தின் வாசலில் அவர் கேட்டது உதயசூரியனும் 'ஒளி உண்டாகட்டும்' என்ற வாசகமும். தன் பெயரை வைத்தே ஆக வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதில்லை. அமெரிக்க ஊர்களுக்கு அவர் போட்ட நிபந்தனை வேறு: நிலம் ஊர் தர வேண்டும், கொடுத்த தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் வரிப் பணத்திலிருந்து நூலகத்துக்கு ஒதுக்க வேண்டும். 10,000 டாலர் கட்டடம் என்றால் வருஷம் 1,000 டாலர். நம் மாநிலத்தில் 1948 பொது நூலகச் சட்டத்தின் கீழ் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி வசூலாகிறது. பத்தில் ஒன்று என்ற பொருத்தம் தற்செயல்தான், கணக்கிடும் அடிப்படை வேறு. ஆனாலும் கட்டடம் கொடுத்தவர் போன பின் விளக்கெரிய வழி எது என்ற கேள்வி இரண்டுக்கும் ஒன்றே.

அந்தக் கேள்வியை நம் கோயில் கல்வெட்டுகள் அதற்கும் முன்பே கேட்டுவிட்டன. சிதம்பரத்திலும் திருவரங்கத்திலும் சரஸ்வதி பண்டாரம் என்ற ஏட்டுச் சாலைகள் இருந்தது கல்வெட்டால்தான் தெரிகிறது. கொடைக் கல்வெட்டின் கட்டுக்கோப்பைப் பாருங்கள்: கொடுத்தவர், கொடுத்த பொருள், நிலத்தின் நான்கு எல்லை, எதற்காக, யார் பொறுப்பு, சந்திராதித்தவர் (சந்திரனும் சூரியனும்) உள்ளவரை என்ற காலம், கெடுப்பவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்ற எச்சரிக்கை. சிறப்பு விருந்தினர் பட்டியலுக்கு அதில் வரி இல்லை.

இன்றைக்கு 12 வரியில் அடங்கும் வாசகம் இப்படி இருக்கலாம்: "இந்நூலகம் நிற்கும் ... சென்ட் நிலம், சர்வே எண் ..., ... ஊர் ... அவர்களால் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடையாகத் தரப்பட்டது. பத்திர எண் ..., நாள் ... . கட்டடச் செலவு: ... . நூலகப் பயன்பாட்டுக்கு மட்டும். அடிக்கல் ... திறப்பு ... ." திறந்து வைத்தவர் பெயருக்கு ஒரு வரி தாராளமாகக் கொடுக்கலாம். பத்திர எண்ணை விட்டுவிடாதீர்கள். 1882 சொத்துரிமை மாற்றச் சட்டத்தின்படி நிலக் கொடைக்குப் பதிவு செய்த பத்திரமும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். கல் உரிமை ஆவணம் ஆகாது. வாய்ச்சொல்லாகக் கொடுத்துக் கல்லை மட்டும் பதித்தால், பேரன் காலத்தில் வழக்கு வரும்.

1,000 ரூபாய் கட்டிய நூலகப் புரவலர்களின் பெயர்களை இந்தக் கல்லில் சேர்க்க வேண்டாம். அது வளர்ந்துகொண்டே போகும் பட்டியல். பட்டை பட்டையாகச் செருகும் பலகை போதும். மின்விசிறிச் சிறகிலும் டியூப்லைட்டிலும் 'உபயம்' எழுதும் வழக்கத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, வெளிச்சம் வந்தால் சரி.

பதிக்கும் இடத்துக்கு வருவோம். கல்லின் நடுப்பகுதி தரையிலிருந்து 5 அடியில் இருக்கட்டும். கதவு திறந்தால் மறைக்கும் சுவர், நாளிதழ் ஸ்டாண்டு வரப்போகும் சுவர், மேற்கு வெயில் அடிக்கும் சுவர் மூன்றும் ஆகாது. சுற்றிலும் ஓர் அங்குலம் புடைத்த விளிம்பு கட்டினால் வெள்ளையடிப்பவர் தூரிகை கல்லில் ஏறாது. சிமென்ட் கலவையை ஐந்தாறு இடத்தில் உருண்டையாக வைத்து ஒட்டுவது வேகமான வேலை, ஆனால் பின்னால் வெற்றிடம் நிற்கும். தட்டினால் டொப்பென்று சத்தம் கேட்கும், ஒரு நாள் கழன்று விழும். நான்கு மூலையிலும் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டு, பின்னால் எபாக்ஸிப் பசை நான்கு பொட்டு என்பதே சரி. சாதா இரும்புத் திருகு போட்டால் துரு வடிந்து கீழ் வரிகளில் கோடு விழும்.

போல்ட்டு முறைக்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய கிளை நூலகத்தை இடித்துப் புதிதாகக் கட்டும்போது சிமென்ட்டில் புதைத்த கல் சுவரோடு சேர்ந்து நொறுங்கி லாரியில் ஏறிவிடும். போல்ட்டைக் கழற்றி, எபாக்ஸிப் பொட்டைக் கம்பியால் அறுத்தால் கல் முழுசாகக் கையில் வரும். புதுக் கட்டடத்தின் கல்லுக்குப் பக்கத்திலேயே அதற்கும் 3 அடி இடம் விடச் சொல்லி, வரைபடத்திலேயே குறித்து வாங்குங்கள்.